லைன் சூப்பர்வைசர் சொன்ன சாட்சி

நடந்தவை இவை:

1. ஒரகடம் பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கா ப்ரெஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலை ஷிப்ட்டில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

2. பாதுகாப்புக்காக வைத்திருந்த பட்டனை அவளேதான் கட்டிவிட்டாள் என்று அவளுடைய லைன் சூப்பர்வைசர் விசாரணையில் சொன்னார்.

3. அந்தக் கம்பெனியில் அடிபட்டவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுப்பது வழக்கம். விதியை மீறியவளுக்கு அது கிடையாது என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

4. அந்த சூப்பர்வைசர் எங்கள் சபைக்காரர். போன வருடம், ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய ஞாயிறன்று ஆராதனையில் எழுந்து நின்றார். தான் மனந்திரும்பிவிட்டதாகவும், கர்த்தர் தன்னை மன்னித்துவிட்டதாகவும் சாட்சி சொன்னார்.

5. சபை ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை.

பட்டன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ப்ரெஸ் மிஷினுக்கு இடமும் வலமுமாக இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்கு அடியில் கை இருக்க முடியாது, அவ்வளவுதான் இதன் சூட்சுமம். ஆனால் பழைய மிஷினில் ஒரு பட்டனை அழுத்தினபடியே சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டிவிட்டால் ஒரு கை சும்மாவாகிவிடும். அந்தக் கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம். வேலை வேகமாக ஓடும். டார்கெட் பின்தங்குகிற நாளில் இப்படித்தான் ஓட்டுவார்கள்; எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் இதற்கு "ஒத்தக் கை ஓட்டு" என்று பெயர். யாரும் எழுத்தில் உத்தரவு கொடுப்பதில்லை. சூப்பர்வைசர் வந்து மிஷின் பக்கத்தில் ஒரு ட்யூப் துண்டை வைத்துவிட்டுப் போவார்.

நான் டிப்ளமோ மெக்கானிகல் முடித்துவிட்டு வேறொரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு குறை வந்தால் ஏன், ஏன் என்று அடிவரைக்கும் கேட்பதுதான் என் வேலை. காரணம் என்ற இடத்தில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதிக்கொண்டு போனால் எங்கள் மேனேஜர் படித்துக்கூடப் பார்க்க மாட்டார். "இது காரணமாம்மா? திட்டுறதுக்கு ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிட்டு வந்திருக்கே" என்பார். அக்காவின் கம்பெனி அந்த ஒரு வரியோடு கோப்பை மூடியது.

அதனால் சூப்பர்வைசர் சாட்சி சொன்ன அன்றைக்கும் அடிவரைக்கும் கேட்கத் தயாராகத்தான் இருந்தேன். அவர் குடித்ததைச் சொன்னார். கோபத்தில் வீட்டில் பாத்திரத்தை வீசியதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையை விட்டுவிட்டு ஓ.டி. பார்த்ததைச் சொன்னார். "என் பாவத்தையெல்லாம் கர்த்தர் ஆழ்கடல்ல போட்டுட்டாரு" என்று சொல்லி அழுதார். கண்ணைத் துடைக்க எடுத்த கைக்குட்டை இஸ்திரி போட்டது, மடிப்புக் கலையாதது. பட்டனைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆழ்கடலில் போட்டவர் அதையும் சேர்த்தே போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கத்தில் எனக்கு அடுத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஏன் இப்போது மனந்திரும்ப வேண்டும்? எனக்கு மூன்று காரணங்கள் தோன்றின. ஈஸ்டர் முடிந்ததும் சபைக் கமிட்டித் தேர்தல். அவருக்கு அதில் ஆசை என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தது, உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு அக்கா அந்த மாதம் மறுபடியும் மனு போட்டிருந்தாள். மனு வந்தால் எச்.ஆர். அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதற்கு முன்னால் எங்கள் வாயை அடைத்துவிட்டால் நல்லது. மூன்றாவதாக, உண்மையிலேயே வருத்தப்படுகிறார் என்றும் இருக்கலாம். அதைக் கடைசியில்தான் வைத்தேன்.

லெந்து நாட்களில் எங்கள் சபையில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஒவ்வொரு வீடாகக் கூட்டம் நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்தது. அதற்கு முந்தின நாள் பாஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் தெற்கத்திக்காரர். இங்கே வந்து பல வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"சூப்பர்வைசர் பிரதர் நாளைக்கு ஒங்க வீட்டுக் கூட்டத்துக்கு வரணும்னு ஆசப்படுதாரு. நீங்க என்ன சொல்லுதிய?"

அம்மா உருகிவிட்டாள். "வரட்டும் பாஸ்டர், அதுக்கின்னா? தோத்திரம். நம்ம வூட்ல வந்து ஒரு ஆத்மா மனசு இறங்குதுன்னா நல்லதுதானே."

"அவரு மனந்திரும்பிட்டாருன்னு எப்படித் தெரியும் பாஸ்டர்?" என்று நான் கேட்டேன்.

"அழுதாரேம்மா."

"எங்க கம்பெனில ஆடிட் அன்னைக்கு மேனேஜரே அழுவாரு."

பாஸ்டர் சிரித்துவிட்டார். "ஒங்க கம்பெனி கணக்கைக் கொண்டாந்து கர்த்தர்கிட்ட காட்டாத. கிருபைக்கு இன்ஸ்பெக்‌ஷன் கெடையாது, கேட்டியா?"

"இன்ஸ்பெக்‌ஷன் இல்லாத எடத்துலதான் பாஸ்டர் அக்காவுக்கு விரல் போச்சு."

சிரிப்பு நின்றது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அக்கா உள்ளேயிருந்து, "வரச் சொல்லுங்க பாஸ்டர்" என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. மின்வாரியத்து ஆளை வரச் சொல்வது போல இருந்தது.

மறுநாள் வாசல் முழுக்கச் செருப்புகளும் சேஃப்டி ஷூக்களும். ஜெனரல் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடே பாயில் உட்கார்ந்து பாடினார்கள். சூப்பர்வைசருக்கு நாற்காலி போட்டோம். வேண்டாம் என்று கதவோரம் தரையில் உட்கார்ந்தார். நாற்பது பேர் பார்க்கும்போது தரையில் உட்காருவது பெரிய கஷ்டமில்லை என்று நினைத்தேன். சபையில் எல்லோருக்கும் அவர் பிரதர். அக்கா மட்டும் சபையிலும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

பாட்டும் ஜெபமும் முடிந்தன. சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். சூப்பர்வைசர் கண்ணீரோடு முழங்காலில் நின்றார்.

"இந்த வூட்டாண்ட நான் தப்பு பண்ணவன். கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரு. தங்கச்சியும் என்னை மன்னிச்சிடணும்."

நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா அழ வேண்டும். மன்னித்தேன் அண்ணா என்று சொல்ல வேண்டும். பாஸ்டர் இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஜெபிக்க வேண்டும். பிறகு டீ.

அக்கா, "எதுக்கு சார்?" என்றாள்.

"இன்னா மா?"

"எதுக்கு மன்னிக்கணும்னு கேட்டேன்."

"அதான்... அன்னைக்கு நடந்ததுக்கு."

"அன்னைக்கு நெறைய நடந்துச்சு சார். எதுக்கு?"

பின்னாலிருந்து ஒரு அத்தை, "கூட்டத்துல போய் இதெல்லாமா கேக்குறது? நல்லா கீதே!" என்றாள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ட்யூப் யார் சார் கட்டினது?"

அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீட்டிலும் சொல்லவில்லை போலும்.

"நான்தான்" என்றார். "நான்தான் கட்டிக் குடுத்தேன். ரெண்டு நாளா டார்கெட் வரல. அடிபட்டதும் நான்தான் அவுத்து எடுத்தேன். நீ கட்டிக்கினேன்னு நான்தான் சொன்னேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை.

"சரி சார். மன்னிச்சிட்டேன்" என்றாள் அக்கா. "இதையே அங்க வந்து சொல்லுங்க."

"எங்க?"

"எச்.ஆர். கிட்ட. எனக்கு வேலை வேணும் சார். நீங்க சொன்னாத்தான் குடுப்பாங்க."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்ணீர் நின்றுவிட்டது. "என்னை வேலைய வுட்டே தூக்கிடுவாங்க மா. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

எனக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்காதான் முந்திக்கொண்டாள். "டீ ஆறுது, எடுத்துக்குங்க சார்" என்று தட்டை நீட்டினாள். மீதி விரல்களால் தட்டின் விளிம்பைப் பிடிக்க அவள் பழகிவிட்டிருந்தாள். அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அக்காவோடு சண்டை போட்டேன்.

"அவன் இன்னும் ஒண்ணுமே பண்ணல. அதுக்குள்ள மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்ட. ஒரு பிடி இருந்துச்சு, அதையும் வுட்டுட்ட."

"பிடியா? இன்னாடி பேசுற, மன்னிப்பு இன்னா ஜாமீனா?"

"அவன் போய்ச் சொல்லப்போறதில்ல. எழுதி வெச்சுக்கோ."

"சொல்லலைன்னாலும் மன்னிச்சது மன்னிச்சதுதான். வாபஸ் வாங்க முடியுமா?"

"அப்ப எதுக்குக் கேட்ட அத்தனையும்?"

"எதை மன்னிக்கிறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? வேலையும் வேணும்டி. அது வேற, இது வேற. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டு அரைக்கிற."

அது வேற, இது வேற என்பது எனக்குப் பிடிபடவில்லை. என் வேலையில், குறை சரியாகிவிட்டது என்று நிரூபித்த பிறகுதான் கையெழுத்து. அதற்கு முன் கையெழுத்துப் போடுகிறவர் ஏமாளி, இல்லையென்றால் பங்குக்காரர்.

அடுத்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வார். அக்கா, "தோத்திரம் சார்" என்பாள். அவளுக்குப் பக்கத்தில் நான் செல்போனைப் பார்ப்பேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் சொன்னது வெளியே போகாதபடி யாரோ பேசிவைத்தது போல, சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கமிட்டிக்கு நிற்பவர்களில் அவர் பெயரும் அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் சொன்னது சரி என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவள் எழுந்து போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் திருவிருந்து ஆராதனை. எங்கள் சபையில் வரிசை வரிசையாக எழுந்து முன்னே போய் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்க வேண்டும்; தீர்க்காத குற்றம் மனதில் இருப்பவர் போகக் கூடாது என்பார்கள். ஆண்கள் பக்கத்தில் அவருடைய வரிசை எழுந்தது. அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து போய் முழங்காலிட்டுவிட்டுத் திரும்பும்போது அவரைப் பார்த்தாள். பாஸ்டரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தார். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காலியான முன் பெஞ்சைப் பார்த்தபடி இருந்தார்.

இதுவும் நடிப்பு என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அதை நானே கேட்டுப் பார்த்தேன். இதில் அவருக்கு என்ன லாபம்? திருவிருந்துக்குப் போகாதவரைக் கமிட்டியில் நிறுத்த மாட்டார்கள். சாட்சி சொல்ல எழுந்த அன்றைக்குச் சபை முழுவதும் அவருக்காக உருகியது. இன்றைக்கு உட்கார்ந்திருந்ததற்கு ஒருவரும் உருகவில்லை. "இன்னா விஷயமோ" என்று இரண்டு பேர் காதோடு காதாகப் பேசியதுதான் மிச்சம். என் கணக்கு அந்த இடத்தில் இடித்தது. இடித்ததே தவிர, நான் அழித்து எழுதவில்லை.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் அக்காவுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். அவள் வேலைக்குப் போய்வந்த கேட்டிலேயே அவளுக்கு விசிட்டர் அட்டை மாட்டிவிட்டார்கள். எச்.ஆர். அறையில் அவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் சொன்னதையே சொன்னார். தங்கச்சி என்று சொல்லவில்லை, கர்த்தர் என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. எந்த மிஷின், எந்தப் பட்டன், எப்போது கட்டினார், எப்போது அவிழ்த்தார், அவ்வளவுதான். அவர் பேசிக் கேட்டதில் நான் குறுக்கே கேள்வி கேட்க நினைக்காத பேச்சு அது ஒன்றுதான்.

எச்.ஆர். அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். இளம் வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "உங்களுக்கு நடந்தது அநியாயம்தாம்மா. நீங்க இவர் மேல ஒரு புகார் எழுதிக் குடுத்துடுங்க. இவரை டிஸ்மிஸ் பண்ணிட்டு இந்த விஷயத்தை முடிச்சிடலாம். உங்க வேலையையும் பார்க்கலாம்."

முடித்துவிடலாம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் மணி அடித்தது. அன்றைக்கு ஆபரேட்டரின் கவனக்குறைவு, இன்றைக்கு சூப்பர்வைசரின் கவனக்குறைவு. ஆள்தான் மாறுகிறது. அந்த டார்கெட்டைப் போட்டது யார், ட்யூப் கட்டினால் ஓடுகிற பழைய மிஷினை இன்னும் வைத்திருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை நாளாக நான் ஒரே ஆளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா பேனாவைத் தொடவில்லை.

"இவரை எடுத்துட்டீங்கன்னா, இனிமே எவன் சார் இங்க வாயத் தொறப்பான்? அடுத்த பொண்ணுக்கு விரல் போனாலும் அவதான் கட்டிக்கினான்னு சொல்வானுங்க. இவரு பாவம், உண்மையச் சொல்லிட்டு நிக்கிறாரு. எனக்கு வேலை குடுங்க. இவரையும் வெச்சுக்குங்க. அந்த மிஷினை மாத்துங்க."

எங்கள் கம்பெனி ஷாப் ஃப்ளோரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: குறையைச் சொல்பவரைத் தண்டிக்க மாட்டோம். அதை நம்புகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்தப் பலகையைப் பார்க்காமலேயே அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் பார்த்தவள் அக்கா.

சூப்பர்வைசர் அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. கைக்குட்டை எடுத்துவரவில்லை போலிருக்கிறது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அக்காவிடம் கேட்டேன். "இதுதான் இரக்கம்னு பாஸ்டர் சொல்றாரே, அதா?"

"தெரியலடி. எனக்கு அவர் மேல இன்னும் கோவம் கீது. ராத்திரில கை வலிக்கும்போது நல்லாத் திட்டுறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, கர்த்தர் அவனைத் தூக்கி வெளிய போடல, நான் யாரு போடறதுக்கு? அவ்ளோதான்."

கொஞ்ச நாள் கழித்து எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. அந்தக் கம்பெனி லைனில் பட்டன்கள் கட்டியிருப்பதை ஒருவர் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தாராம். அது மேலிடத்துக்குப் போகும் என்று ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே வதந்தியாம். அப்படியானால் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் இவர் முந்திக்கொண்டாரா? வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன்.

"முந்திக்கினாரோ, திருந்திக்கினாரோ. ரெண்டுமாவும் இருக்கட்டுமே" என்றாள்.

இரண்டுமாக இருக்கலாம் என்பதை நான் யோசித்ததே இல்லை. பயமும் மனந்திரும்புதலும் ஒரே நாளில் ஒரே ஆளுக்குள் வர முடியுமானால், எது எவ்வளவு என்று பிரித்து அளக்க என்னிடம் கருவி இல்லை. கர்த்தர் அளந்துவிட்டுத்தான் இரங்குகிறாரா, அளக்காமலேயே இரங்குகிறாரா என்று பாஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டாவதும்மா" என்றார், யோசிக்காமல். அவ்வளவு சீக்கிரமாக வருகிற பதிலை நம்புவது எனக்குக் கஷ்டம். ஆனால் அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

இப்போதைய நிலை இது. அக்காவுக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கிறது. போய்வருகிறாள். சூப்பர்வைசரை வேலையை விட்டு எடுக்கவில்லை, பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். வேறு ஷிப்ட்டில் ஆபரேட்டராக இருக்கிறார். அவர் கமிட்டிக்கு நிற்கவில்லை. திருவிருந்துக்கு மறுபடியும் போகிறார், அக்காவும் போகிறாள். அக்கா அடிபட்ட மிஷினை எடுத்துவிட்டார்கள், அதே மாதிரி இன்னும் இரண்டு ஓடுகின்றன. அவர் தோத்திரம் சொன்னால் நானும் பதிலுக்குச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். மன்னிக்கவில்லை.